குழந்தைகள் வளர்ச்சி குன்றுவதேன்?

வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தையைக் கண்டால், "பாட்டன் வழியே குட்டை" என்று சொல்லி விட்டுவிடுவது எங்கும் உள்ள வழக்கம். ஆலங்குடிச் சீமையும் இதற்கு விலக்கன்று. வமிசத்துக்கு ஓரளவு பங்குண்டு. ஆயினும் பெருங் குறைவிற்கு அது காரணமாகாது.

1920-ஆம் ஆண்டுகளில் குன்னூரில் டாக்டர் மக்காரிஸன் ஒரே இன எலிகளைப் பிரித்து, பற்பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி உண்டவை செழித்தன; அரிசியையே பெரிதும் கொண்ட சென்னை மாகாண ஆகாரத்தை உண்டவை சிறுத்து நின்றன. எலி வேறு, மனிதன் வேறு என்பார்க்கு உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை ஆறு தேசங்களில் செய்த ஆராய்ச்சி விடை கூறும். தாய்ப்பாலும், தக்க ஆகாரமும், சுத்தமான வாசமும் பெற்ற குழந்தைகள் நார்வேயிலும் தெற்கு டில்லியிலும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒன்றுபோலவே உயர்ந்தன.

தமிழ்நாட்டிலோ, 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்டவரில் 100-க்கு 25 பேர் வளர்ச்சி குன்றியவர்.

இக்குறை கருப்பத்திலேயே தொடங்கலாம். பதினெட்டு நிறையுமுன் தாயானவளும், எல்லோரும் உண்டபின் மிச்சம் உண்பவளும் மெலிந்த சிசுவையே பெறுதல் கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் அது மட்டும் போதாது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்புமேயன்றி எலும்பை வளர்க்காது. குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை இவற்றை மசித்துக் கெட்டியாக ஊட்டவேண்டும். நிலக்கடலை விளையும் இச்சீமையில் கடலை முழுவதும் விலைக்குப் போய்விடுவது வியப்பே! பூஞ்சணம் படாத கடலையை வறுத்து நன்கு பொடித்துக் கஞ்சியில் சேர்க்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் குடும்பம் முழுதும் பங்கிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது சொற்பமே.

பால் சங்க அங்கத்தினர்க்கு ஒரு வார்த்தை: ஒரு வயது கடந்த குழந்தைக்கு வேண்டிய பாலை முதலில் எடுத்துவைத்து, மீதியையே சங்கத்துக்கு ஊற்றுக.

நல்ல ஆகாரம் கொடுத்தும் அடிக்கடி வயிற்றுப்போக்கு கண்டால் உண்டது உடம்பில் ஒட்டாது. திறந்த வெளியில் மலங்கழித்தலும், காய்ச்சாத நீரும், கழுவாத கையும் குடலைக் கெடுக்கின்றன.

1982-இல் ஏற்பட்ட சத்துணவுத் திட்டம் பெரும் உபகாரமே. எனினும் இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பிற்பாடு முழுதும் மீட்பது அரிது. ஆகவே அளவெடுப்பதும் அதற்குமுன்னே தொடங்கவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சமமான பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, உச்சி முதல் குதிகால் வரை அளக்கவும். அவ்விதம் அளக்கையில் இரண்டு வயது நிறையும் ஆண் குழந்தை ஏறக்குறைய 82 சென்டிமீட்டருக்கும், பெண் குழந்தை 80 சென்டிமீட்டருக்கும் குறைந்திருந்தால், தாமதியாது ஆஸ்பத்திரியில் காட்டுக.