அப்பாவுக்கு வி.ஆர்.எஸ்., மகனுக்கு அப்ரண்டிஸ்

பொதுத்துறை நிறுவனங்களின் டவுன்ஷிப் வீடுகளில் சில சமயம் ஒரே மாதத்தில் இரண்டு தாள்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். ஒன்று அப்பாவுக்கு வந்த விருப்ப ஓய்வுச் சுற்றறிக்கை. மற்றது ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த மகனுக்கு வந்த அப்ரண்டிஸ் அழைப்பு. அப்பா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "நான் எழுதிக் கொடுத்துட்டா, அந்த இடம் இவனுக்குக் கிடைக்குமா?"

கிடைக்காது. வி.ஆர்.எஸ். கொடுப்பதே ஆட்களைக் குறைக்கத்தான். பொதுத்துறை நிறுவனங்கள் துறை 2000 மே 5 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, விருப்ப ஓய்வில் காலியாகும் இடம் ஒழிக்கப்பட வேண்டும். ஓய்வுத்தொகைக்கு வரிவிலக்கு தரும் வருமான வரி விதியும் அந்தக் காலியிடத்தை நிரப்பக் கூடாது என்கிறது. ஆகவே அப்பாவின் நாற்காலி அப்பாவோடு போய்விடும். மகன் நுழைவது வேறு வாசல். இரண்டையும் முடிச்சுப் போடாமல் தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பது நல்லது.

முதலில் அப்பாவின் தாள். சுற்றறிக்கையில் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். சொந்தக் காலில் நிற்கும் நிறுவனம் என்றால், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம் வரை தரலாம். நஷ்டத்தில் ஓடும் நிறுவனம் பெரும்பாலும் 'குஜராத் மாடல்' என்பதைப் பிடித்துக்கொள்ளும். அதில் முடித்த ஆண்டுக்கு 35 நாள், மீதமுள்ள ஆண்டுக்கு 25 நாள். இரண்டிலும் சம்பளம் என்றால் பேசிக்கும் டி.ஏ.வும் மட்டுமே, வீட்டு வாடகைப்படி, இன்சென்டிவ் எதுவும் சேராது. இரண்டுக்கும் ஒரே உச்சவரம்புதான்: ஓய்வு வயது வரை வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 55, ஓய்வு வயது 60, முடித்த பணி 28 ஆண்டு, பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 80,000 ரூபாய். 60 நாள் சூத்திரத்தில் 56 மாதச் சம்பளம், அதாவது 44.8 லட்சம். உச்சவரம்பு 60 மாதம், 48 லட்சம். அதனால் முழுத்தொகையும் கிடைக்கும். குஜராத் மாடலில் 28 ஆண்டுக்கு 980 நாள், மீதி 5 ஆண்டுக்கு 125 நாள், ஆக 1,105 நாள். மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்தால் ஏறத்தாழ 29.5 லட்சம். ஒரே ஆள், ஒரே சம்பளம். சூத்திரம் மாறினால் 15 லட்சம் போய்விடுகிறது.

இதே மனிதர் இன்னும் மூன்று ஆண்டு யோசித்துவிட்டு 58 வயதில் விண்ணப்பித்தால்? பேச்சுக்கு அதே சம்பளம் என்று வையுங்கள். 31 ஆண்டுக்கு 62 மாதச் சம்பளம், 49.6 லட்சம் என்று மனம் குளிரும். ஆனால் மிச்சமிருப்பது 24 மாதம்தான். உச்சவரம்பு 19.2 லட்சத்தில் வெட்டிவிடும். அனுபவம் கூடக் கூடத் தொகை கூடும் என்பது பாதி உண்மை. ஓய்வுக்கு இரண்டு ஆண்டே பாக்கி இருப்பவருக்கு வி.ஆர்.எஸ்ஸில் பெரிய லாபம் இல்லை. உடம்பு முடியவில்லை, வீட்டில் ஆள் வேண்டும் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்து வரி. விருப்ப ஓய்வுத்தொகையில் 5 லட்சம் வரைதான் விலக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. மேலே சொன்ன 44.8 லட்சத்தில் 39.8 லட்சம் அந்த ஆண்டின் சம்பள வருமானத்தோடு சேரும். 5 லட்ச விலக்குக்குப் பதிலாக, மொத்தமாக வந்த தொகைக்கான வரி நிவாரணத்தையும் கோரலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். எது லாபம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஒரு கேள்விக்காக ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல. கிராஜுவிட்டி, பி.எஃப்., விடுப்புச் சம்பளம் ஆகியவை ஓய்வுத்தொகைக்கு வெளியே தனியாக வர வேண்டியவை. அவற்றையும் கூட்டிக் காட்டி 'பேக்கேஜ் இவ்வளவு' என்று யாராவது சொன்னால், ராஜினாமா செய்தாலும் எது கிடைக்கும், வி.ஆர்.எஸ்ஸால் மட்டும் எது கிடைக்கும் என்று பிரித்துக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு பி.எஸ்.என்.எல்.காரரைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் நிறைய. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எஸ்.என்.எல். வி.ஆர்.எஸ். திட்டத்தில், 50 வயதைக் கடந்த 78,000-க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற்றப்பட்டவர்கள், அரசு பென்ஷன் உண்டு. மற்றப் பொதுத்துறைத் தொழிலாளிகள் பலருக்கு இருப்பது 1995-ஆம் ஆண்டின் இ.பி.எஃப். பென்ஷன் திட்டம். அதற்குச் சம்பள வரம்பே 15,000 ரூபாய். முழுப் பென்ஷன் 58 வயதில்தான். 50-க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ ஒவ்வொன்றுக்கும் 4 சதவீதம் பிடிப்பு. அந்தப் பிடிப்பு ஆயுள் முழுக்க நீடிக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் முடிவு உங்களுக்குப் பொருந்தாது. பி.எஸ்.என்.எல். திட்டத்திலேயே ஓய்வுத்தொகை இரண்டு நிதியாண்டுகளில் இரண்டு தவணையாகத்தான் தரப்பட்டது என்பதையும் கவனியுங்கள். தொகை எவ்வளவு என்பதோடு எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

எழுதிக் கொடுத்த பிறகு மனம் மாறினால்? 2000-இல் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த வி.ஆர்.எஸ். தொடர்பாக இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பாங்க் ஆஃப் இந்தியா வழக்கில் 2002 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஊழியரின் விண்ணப்பத்தை நிர்வாகம் ஏற்கும் முன்பு திரும்பப் பெறலாம் என்றது. ஆனால் பணத்தைத் தொட்டவர்கள் பின்வாங்க முடியாது என்றும் சொன்னது. 2003-இல் பிந்தல் வழக்கில், வி.ஆர்.எஸ். வாங்கிப் போனவர் பிறகு சம்பளத் திருத்தம் கேட்டு வர முடியாது என்று ஆனது. உங்கள் நிறுவனத்தில் ஊதிய ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் கிடக்கிறதா? அரியர்ஸ் வருமா வராதா என்று சுற்றறிக்கையிலேயே எழுத வையுங்கள். எழுதாவிட்டால் வராது என்றே கணக்குப் போடுங்கள்.

சொசைட்டி லோன், வீட்டுக் கடன், பண்டிகை அட்வான்ஸ் எல்லாம் செட்டில்மென்டில் பிடிக்கப்படும். மருத்துவ வசதி வி.ஆர்.எஸ்.காரர்களுக்குத் தொடருமா என்று பர்சனல் பிரிவில் கேளுங்கள். கேன்டீனில் சொல்வதை நம்பாதீர்கள்.

இனி மகனின் தாள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிகளும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். அதனால்தான் நிரந்தர வேலைக்கு அறிவிப்பே வராத இடத்திலும் அப்ரண்டிஸ் அறிவிப்பு ஆண்டுதோறும் வருகிறது. அதைப் பார்த்து 'வேலை வந்துவிட்டது' என்று ஊருக்குச் சொல்லிவிட வேண்டாம். சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பி.எஃப். இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. வேலையின்போது அடிபட்டால் மட்டும் நஷ்டஈடு உண்டு.

2019-இல் திருத்திய விதிகள் வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகை ஐடிஐக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். மொத்த வரம்பான 5,000–9,000 ரூபாயை 6,800–12,300 ஆக உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே உங்களுக்கு முக்கியம். அந்த ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாக வேண்டும். பட்டதாரி, டிப்ளமோ என்றால் நாட்ஸ் போர்ட்டல், ஐடிஐ என்றால் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். தென் மாநிலங்களுக்கு நாட்ஸ் பொறுப்பு சென்னை தரமணியில் உள்ள வாரியத்திடம் இருக்கிறது. பதிவு எண் இல்லாத 'அப்ரண்டிஸ்' வெறும் குறைந்த கூலி வேலை. ஆண்டு முடிவில் கையில் சான்றிதழும் இருக்காது.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வேறு. ஒரு முறை அப்ரண்டிஸ் முடித்தவரையும், ஓராண்டுக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவரையும் பெரும்பாலான அறிவிப்புகள் சேர்ப்பதில்லை. அதாவது இந்தச் சீட்டை ஒரே தடவைதான் கிழிக்க முடியும். வீட்டுப் பக்கம் இருக்கிறது என்று ஃபைல் தூக்கும் இடத்தில் அதைக் கிழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ரயில்வேயின் ஐ.சி.எஃப். அறிவிப்பைப் பார்த்து ஏங்கிப் பயனில்லை. ஐடிஐ முடித்தவர்கள் ரயில்வேயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண்களை வைத்தே எடுக்கிறார்கள். ரயில்வேயில் பயிற்சி முடித்துத் தேசியச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு லெவல்-1 நேரடி நியமனத்தில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. 2019 அறிவிப்பின் 1,03,769 இடங்களில் 20,734 அவர்களுக்கு. தேர்வு எழுதித்தான் போக வேண்டும், ஆனாலும் தனி வரிசை.

மற்ற இடங்களில் கையில் இருப்பது 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மற்றவை சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை. சமமாக இருந்தால் என்ற சொல்லைக் கவனியுங்கள். வயது வரம்பில் தளர்வுக்கும் அந்தத் தீர்ப்பில் இடம் உண்டு. 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும். சேரும்போதே அதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், பயிற்சி ஆண்டிலேயே மற்றத் தேர்வுகளுக்குப் படிக்கத் தொடங்குங்கள்.

கடைசியாக, இரண்டு தாள்களும் ஒன்றை ஒன்று தொடும் இடம் குவார்ட்டர்ஸ். அப்பா வெளியேறினால் குறிப்பிட்ட மாதங்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், தாமதித்தால் அபராத வாடகை. அதே ஊரில் மகன் பயிற்சியில் இருந்தால், அறை வாடகையும் மெஸ் கணக்கும் உதவித்தொகையைத் தின்றுவிடும். மகனின் பயிற்சி முடியும்வரை வீட்டில் இருக்க அனுமதி உண்டா என்று எஸ்டேட் ஆபீஸில் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விருப்ப ஓய்வுப் படிவத்தின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது அந்தப் பதில் கைக்கு வரும்படி மனுவை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.