அச்சுக் குறை காணும் இயந்திர அறிவு

மருந்துப் புட்டியின் மேல் ஒட்டப்படும் சீட்டில் '2.5 மில்லிகிராம்' என்று அச்சாக வேண்டும். இடையிலுள்ள புள்ளி பதியாமற் போயின் அது '25' எனத் தோன்றும்; மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும்.

விரைந்து சுழலும் அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு பிரதியையும் மனிதக் கண் சோதித்தல் இயலாது. ஆகவே, தாள் செல்லும் வழியில் காமிராக்கள் அமைக்கப்படுகின்றன. அவை எடுக்கும் படத்தைப் பிழையற்ற மூலப் படத்துடன் கணிப்பொறி ஒப்பிடுகிறது.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காகிதம் ஈரத்தை ஏற்று விரியும், உலர்ந்தால் சுருங்கும். அதனால் சயான் நீலம், மெஜந்தாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் மயிரிழை விலகிப் பதிவதுண்டு. இத்தகைய சிறு வேறுபாடுகளையெல்லாம் குற்றமெனக் கொண்டால் நல்ல தாள்கள் வீணாகும். சோதனையைத் தளர்த்தினாலோ, மெய்யான குறை தப்பிவிடும்.

இங்குதான் செயற்கை நுண்ணறிவு துணை செய்கிறது. நல்ல பிரதிகளும் குறையுள்ள பிரதிகளும் ஏராளமாகக் காட்டப்படும்பொழுது, நரம்பு வலையமைப்பு எனப்படும் கணித அமைப்பு தன் உள்ளெண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. தாள் விரிந்ததால் நேர்ந்த விலகல் எது, மை பதியாத வெற்றிடம் எது என்று பிரித்தறியக் கற்கிறது.

ஆயினும், முன்பு காட்டப்படாத புதுவகைக் குறையை அது நல்லதென்று கொள்ளவும் கூடும். மூலப் படத்திலேயே பிழை இருப்பின், அதனைச் சரியென்றே ஏற்கும். ஆதலால் மெய்ப்புத் திருத்துவோரின் பொறுப்பு சிறிதும் குறையவில்லை. மூலத்தில் அவர் காணாது விட்ட புள்ளி, இலட்சம் பிரதிகளிலும் விடுபட்டே நிற்கும்.