60 கார்டில் எது இருக்கட்டும், எது போகட்டும்?

கேள்வி: வருசநாட்டிலிருந்து எழுதுகிறேன். தேனியில் கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் சென்னையில் ஒரு கடையில் நடக்கும் போக்கிமான் கார்டு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதுதான் முதல் போட்டி. என் டெக்கில் டிராகபுல்ட் எக்ஸ், சாரிசார்ட் எக்ஸ், கார்டெவார் எக்ஸ் மூன்றும் இரண்டிரண்டு இருக்கின்றன. அவற்றுக்கான கீழ்நிலைக் கார்டுகளும் 20 எனர்ஜியும் வைத்திருக்கிறேன். எல்லாமே பலமான கார்டுகள். இருந்தும் கை நிறையக் கார்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் தோற்கிறேன். ஊரில் என்னோடு விளையாட ஒரே ஒரு நண்பன்தான் உண்டு. திருவிழாக் கடையில் வாங்கிய தங்க நிறக் கார்டுகளும் இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கலாமா? டெக்கை எப்படிச் சரிசெய்வது?

பதில்: தங்கக் கார்டை முதலில் முடித்துவிடுவோம். திருவிழாக் கடைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் கிடைக்கிற, முழுக்கத் தங்க முலாம் பூசியது போன்ற பிளாஸ்டிக் கார்டுகள் போலி. அவற்றைப் போட்டியில் வைக்க முடியாது. ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், டெக்கில் வேண்டாம்.

இனி டெக். நீங்கள் வைத்திருக்கும் மூன்றுமே இரண்டு படி வளர்ந்தால்தான் களத்துக்கு வரும் கார்டுகள். டிரீப்பி வந்து, அது டிராக்லோக் ஆகி, அதன் பிறகே டிராகபுல்ட். சாரிசார்டுக்கும் கார்டெவாருக்கும் இதே கதைதான். ஒரே டெக்கில் மூன்று வரிசை இருந்தால் கையில் சார்மண்டரும் டிராக்லோக்கும் கார்டெவாரும் வந்து நிற்கும், ஒன்றின் மேல் ஒன்றை வைக்க முடியாது. ஏழு பேரும் ரைடராக இருந்தால் அது கபடி அணி ஆகாது. உங்கள் தோல்விக்குக் காரணம் விளையாட்டு தெரியாதது அல்ல, இந்தக் கலவைதான்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு டிராகபுல்ட். கார்டின் இடது அடிமூலையில் சிறிய ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ஸ்டாண்டர்டு வகைப் போட்டிகளில் எந்தக் கார்டு செல்லும் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது, காலப்போக்கில் பழைய எழுத்துகள் வெளியேறிவிடும். 2023இல் வந்த சாரிசார்ட் எக்ஸிலும் கார்டெவார் எக்ஸிலும் ‘ஜி’ இருக்கும், 2024இல் வந்த டிராகபுல்ட் எக்ஸில் ‘எச்’. ‘எச்’சைவிட ‘ஜி’ பழையது. உங்கள் போட்டி நாளில் எந்தெந்த எழுத்து செல்லும் என்று நடத்துபவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் டிராக்லோக். ஒவ்வொரு முறையும் டெக்கின் மேலே உள்ள இரண்டு கார்டைப் பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்து, மற்றதை அடியில் வைக்கலாம் என்பது அதன் திறன். பெஞ்சில் இரண்டு டிராக்லோக் உட்கார்ந்துவிட்டால் கை வறண்டு போகவே போகாது. முதல்முறை போட்டிக்குப் போகிறவருக்கு இந்த நிதானம்தான் தேவை. டிராகபுல்டின் தாக்குதல் எதிரில் நிற்பதற்கு 200 சேதம் கொடுத்து, எதிராளியின் பெஞ்சில் ஆறு சேதக் குறிகளை நாம் விரும்பியபடி பிரித்து வைக்கவும் விடுகிறது.

ஆகவே டிரீப்பி 4, டிராக்லோக் 4, டிராகபுல்ட் எக்ஸ் 3 என்று வையுங்கள். டிராக்லோக்கைக் குறைத்துவிட்டு ரேர் கேண்டியால் தாண்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். பட்யூ என்ற சின்னஞ்சிறு கார்டின் தாக்குதலுக்கு எனர்ஜியே தேவையில்லை. அது தாக்கினால் அடுத்த முறை நீங்கள் ஐட்டம் கார்டு எதையும் போட முடியாது, ரேர் கேண்டியும் ஐட்டம்தான். டிராக்லோக் இருந்தால் அப்போதும் உங்கள் ஆட்டம் ஓடும். பட்யூ ஒன்றிரண்டு நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனர்ஜி 20 மிக அதிகம். அந்தத் தாக்குதலுக்கு வேண்டியது நெருப்பு ஒன்று, சைக்கிக் ஒன்று. அவ்வளவுதான். ஏழோ எட்டோ போதும். மிச்சமாகும் இடத்தில், வேண்டிய கார்டைத் தேடித் தருபவற்றை நிரப்புங்கள்: படி-படி பாஃபின் 4, அல்ட்ரா பால் 4, கார்டு எடுக்க உதவும் சப்போர்ட்டர்கள், எதிராளியின் பெஞ்சிலிருந்து ஒன்றை முன்னே இழுக்கும் பாஸஸ் ஆர்டர்ஸ் இரண்டு மூன்று. பாஃபின் ஒன்றைப் போட்டால் இரண்டு டிரீப்பி நேராகப் பெஞ்சுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். 60 கார்டில் ஒன்றே ஒன்று இருந்தால், முதல் ஏழில் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 12தான். 10 ஆட்டத்துக்கு ஓர் ஆட்டத்தில் அது பிரைஸ் கார்டு ஆறில் சிக்கியிருக்கும். நான்கு வைத்தால் முதல் கையிலேயே ஒன்றாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40. அடிப்படைப் போக்கிமான் மொத்தம் எட்டு மட்டும் என்றால், நூற்றுக்கு 35 தடவை முதல் கையில் ஒன்றுகூட வராது. மறுபடி கலைத்து எடுக்க வேண்டும், அதற்கு ஈடாக எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு இருந்தால் அது 19ஆகக் குறையும். டிரீப்பி, பட்யூவோடு வேறு அடிப்படைப் போக்கிமான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மொத்தம் பத்துக்குக் கீழே போகாதீர்கள்.

ஒரே நண்பன் என்பது குறையில்லை. பிரபலமான வேறு டெக்குகளின் கார்டுப் பெயர்களைத் தாளில் எழுதி ஸ்லீவில் செருகி, அவனை வாரம் ஒரு டெக்கோடு விளையாடச் சொல்லுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு மட்டுமே அது, போட்டிக்கு அசல் கார்டு வேண்டும். அவன் இல்லாத நாளில் தனியாகக் கலைத்து, முதல் மூன்று முறை மட்டும் ஆடிப்பாருங்கள். மூன்றாவது முறைக்குள் டிராகபுல்ட் தாக்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி முடியவில்லை என்றால் எந்தக் கார்டு கையில் தேங்கியதோ அதில் ஒன்றை எடுத்துவிடலாம். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் மாற்றாதீர்கள். சிக்னல் கிடைக்கும் நேரத்தில் போக்கிமான் டிசிஜி லைவ் செயலியில் இலவசமாகவே விளையாடலாம். பாக்கெட் செயலி இதற்கு உதவாது. அது 20 கார்டில் ஆடும் வேறு ஆட்டம்.

போட்டிக்குப் போகும் முன் ப்ளேயர் ஐடி எடுத்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. 60 கார்டுக்கும் ஒரே மாதிரியான புதிய ஸ்லீவ் போடுங்கள். மினுமினுப்பான ஹோலோ கார்டுகள் ஈரக்காற்றில் வளையும். டெக்கில் ஒருசில மட்டும் வளைந்து தெரிந்தால், அடையாளம் வைத்த கார்டு என்று நடுவர் கருத இடமுண்டு. சாதாரணப் பதிப்பு கிடைத்தால் அதையே வையுங்கள், வேலை ஒன்றுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பக்கமிருந்து சென்னைக்குப் போகும் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்துக்குப் பயந்து மேஜையில் வாய் திறப்பதில்லை. கார்டின் பெயரும் எண்ணும் தெரிந்தால் போதும். செய்வதையெல்லாம் தமிழிலேயே சத்தமாகச் சொல்லுங்கள், ஆறு குறிகளை வைக்கும்போது எண்ணிக் காட்டுங்கள். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி நடுவரை அழையுங்கள். அது சண்டை போடுவதல்ல, உங்கள் உரிமை.

சென்னை–போடி ரயில் வாரத்தில் மூன்று நாள்தான். போட்டி நாளுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தேனியிலிருந்து இரவு பஸ்ஸுக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள். தூக்கம் இல்லாமல் போய் உட்காராதீர்கள். போட்டி முடிந்ததும் ஆடிய டெக்கின் பட்டியலை அனுப்புங்கள். அடுத்து என்ன மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.