பழைய கணினி மீன்தொட்டியைப் புதிய கணினியில் இயக்கும் முறை

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துத் திரிகூட மலையில் மழை வலுத்து, ஐந்தருவியின் ஐந்து கிளைகளும் ஒன்றாய்க் கலந்து இறங்கும்போது, போலீசார் கயிறு கட்டிக் குளிக்கத் தடை விதிப்பது இவ்வூரார் அறிந்த விஷயந்தான். அத்தகைய நாட்களில், அருவியைப் பார்க்கவென்றே வந்து அறைக்குள் அடைபட்டுப்போன விருந்தாளிக் குழந்தைகளுக்கு நான் சிபாரிசு செய்யும் பொழுதுபோக்கு, 1993ஆம் வருஷத்து ‘எல்-ஃபிஷ்’ என்னும் கணினி மீன்தொட்டி. ‘டெட்ரிஸ்’ விளையாட்டைப் படைத்த அலெக்ஸி பஜித்னோவும் அவருடைய நண்பர் விளாதிமிர் பொக்கில்கோவும் ரஷ்யாவில் அனிமாடெக் நிறுவனத்தின் வாயிலாக உருவாக்கி, அமெரிக்க மாக்ஸிஸ் கம்பெனியார் வெளியிட்ட இதில் ஜெயமும் இல்லை, தோல்வியும் இல்லை. மீனைப் பிடிக்கலாம், இரண்டை இணைத்து வம்சம் பெருக்கலாம், தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே.

இதன் பிளாப்பித் தட்டுகள் பீரோவில் கிடந்தால், அவசரப்பட்டு இயக்கியில் செருகிவிட வேண்டாம். நம் பக்கத்துச் சாரல் ஈரம் காந்தத் தகட்டில் பூஞ்சணம் பிடிக்கவைக்கும் குணமுடையது. தட்டின் உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்புறத்து வட்ட உலோகத்தை மெல்லச் சுழற்றினால், பழுப்புத் தகடு முழுவதும் வெளிச்சத்தில் சுற்றி வரும். அதில் சாம்பல் நிறப் புள்ளிகளோ மங்கலான வளையங்களோ தென்பட்டால், அது இயக்கியின் தலையில் அழுக்கை அப்பி, அடுத்து வரும் நல்ல தட்டையும் கெடுத்துவிடும். சுத்தமான தட்டுகளை மட்டும் எடுத்து, மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துவாரம் தெரியும்படி வைத்தால், அவற்றின்மேல் எதுவும் எழுதப்பட மாட்டாது. பிறகு யுஎஸ்பி பிளாப்பி இயக்கி ஒன்றின் உதவியால், ஒவ்வொரு தட்டையும் ஒரு பிம்பக் கோப்பாகக் கணினியில் பிரதி செய்துகொள்ள வேண்டும். மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தார் மென்பொருள் எழுதும் இவ்வட்டாரத்திலேயே அந்த இயக்கி கடையில் கிடைப்பது அபூர்வம். தபாலில் வரவழைப்பதே சுலபம். தட்டுகளே இல்லாதவர்கள், இதை இப்போது யாரும் விற்பதில்லை என்பதனால் அதன் உரிமையும் அற்றுப்போய்விட்டதாக எண்ணிவிடக்கூடாது. பழைய பிரதி ஒன்றை விலைக்குத் தேடுவதே நியாயம்.

இனி, இதை நேரே சொடுக்கினால் ஓடாததற்குக் காரணம் விளையாட்டின் பழுதன்று. எல்-ஃபிஷ் டாஸ் என்னும் பழைய இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிட் அமைப்பு. அந்த நிலையில் ஓடும் செயலி, டாஸ் நிரல்களுக்குத் தேவையான பழைய 8086 பாங்கை அளிப்பதில்லை. ஆகவே விளையாட்டைப் புதுப்பிக்க முயல்வதை விட்டுவிட்டு, புது மாடி வீட்டிலே தாத்தாவுக்கென்று பழைய திண்ணை ஒன்றைக் கட்டிக்கொடுப்பதுபோல, புதுக் கணினிக்குள்ளே 1993ஆம் வருஷத்துக் கணினி ஒன்றை நிர்மாணித்துக் கொடுப்பதே சரியான வழி. அதைச் செய்வது டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள்.

டாஸ்பாக்ஸை நிறுவியபின், உங்கள் வட்டில் ஒரு கோப்புறை உண்டாக்கி, அதற்கு எட்டு எழுத்துக்கு மிகாமல், இடைவெளியின்றி, ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். தமிழ்ப் பெயரிட்டால் டாஸ் அதை அடையாளம் காணாது. பிம்பக் கோப்புகளையும் அதிலேயே போட்டுவிடலாம். டாஸ்பாக்ஸின் கறுப்புத் திரையில் ‘மவுண்ட்’ என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, ‘சி’ என்ற எழுத்து, மீண்டும் ஓர் இடைவெளி, அப்பால் அக்கோப்புறையின் முழு முகவரி என்று கிரமமாகத் தட்டினால், அக்கோப்புறையே பழைய கணினியின் ‘சி’ வட்டாகிவிடும். தட்டுகளுக்கு ‘இமேஜ்மவுண்ட்’ என்பதன் சுருக்கமான ‘ஐஎம்ஜிமவுண்ட்’; அதன்பின் ‘ஏ’ என்ற எழுத்தும், எல்லாப் பிம்பக் கோப்புகளின் பெயர்களும் ஒரே வரியில் வரிசையாக வந்து, ஈற்றில் ‘-டி பிளாப்பி’ என்று முடிய வேண்டும். பின் ‘ஏ’ வட்டிலுள்ள நிறுவும் நிரலை இயக்குங்கள்; அது அடுத்த தட்டைக் கேட்கும்போதெல்லாம் கண்ட்ரோலையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்தினால் போதும். மடிக்கணினியில் எஃப் பொத்தான்கள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டிருக்கும். எஃப்என் பொத்தானையும் கூடவே அழுத்த நேரிடலாம். ஒலி அட்டை எது என்று கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1.

வேகம் என்ற விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்-ஃபிஷில் ஒரு மீன் பிறந்தவுடனே நீந்துவதில்லை. அது திரும்புவது, வாலசைப்பது, துடுப்பு விரிப்பது எல்லாவற்றையும் கணினி படம் படமாகக் கணக்கிட்டு வரைந்த பிறகே தொட்டிக்கு வரும். அந்தக் காலத்து 386 யந்திரத்தில் இதற்கு மணிக்கணக்கில் பிடித்தது. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘சைக்கிள்ஸ்’ என்ற இடத்தில் ‘மேக்ஸ்’ என்று எழுதிவிட்டால் இப்பிரயாசை வெகுவாகக் குறையும். ஆனால் தொட்டியை வேடிக்கை பார்க்கும் வேளையில் மீன்கள் வெறிபிடித்தாற்போல் பாய்ந்தால், கண்ட்ரோலுடன் எஃப்11ஐ அழுத்தி அழுத்தி வேகத்தை இறக்குங்கள், எஃப்12 ஏற்றும். கணக்கு நடக்கும்போது மடிக்கணினி உறங்கிவிடாதபடி மின் அமைப்பை மாற்றி வையுங்கள். சாரல் நாளில் மின்சாரம் போவதும் வருவதும் சகஜமாதலால், பாட்டரி நிறைந்திருக்கும்போதே இவ்வேலையைத் தொடங்குவது விவேகம்.

ஆல்ட்டும் என்டரும் சேர்ந்தால் முழுத்திரை; கண்ட்ரோலும் எஃப்10உம் சேர்ந்தால் சிறைப்பட்ட எலிக்கு விடுதலை. படம் அகலத்தில் இழுபட்டுத் தோன்றினால், அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதற்கு எதிரே ‘ட்ரூ’ என்று எழுதுங்கள்.

என்ன மீன் வளர்ப்பது என்பது அவரவர் ருசி. தாமிரபரணியின் பெயரையே சுமந்து, 1954இல் இ. ஜி. சைலஸ் என்பவரால் விவரிக்கப்பட்ட ஒரு கெண்டை இனம் இருக்கிறது. அதன் ஆண்மீனுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல்நூலாக நீண்டு, உடலின் பக்கத்தில் கரிய திட்டுகள் தெரியும். அதன் சாயலை எல்-ஃபிஷில் வரவழைக்க விரும்பினால், நீண்ட துடுப்புள்ள ஒன்றையும் திட்டுள்ள ஒன்றையும் பிடித்து இணைத்து, பிறக்கும் குஞ்சுகளில் சாயல் அதிகமுள்ளதையே மறுபடி மறுபடி பெற்றோராக்கிக்கொண்டு போகவேண்டும். ஓடையில் துண்டு விரித்து உயிர்மீனைப் பிடித்துப் பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோகும் வழக்கத்தைக் காட்டிலும் இது ஆயிரம் மடங்கு மேல் என்பது என் அபிப்பிராயம்.

பாப்கேப் கம்பெனியின் ‘இன்சானிக்வேரியம் டீலக்ஸ்’ (2004) போன்ற பிற்கால விளையாட்டுகள் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை; அவற்றுக்கு டாஸ்பாக்ஸ் வேண்டியதில்லை. கோப்பின் பண்புகளில் இணக்கப் பயன்முறையைத் திறந்து, விண்டோஸ் எக்ஸ்பியைத் தேர்ந்தால் பெரும்பாலும் ஓடும்.

எல்-ஃபிஷ் தொட்டியை வேறொரு கணினிக்குக் கொண்டுபோக, ‘சி’ வட்டாக்கிய அந்தக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் பிரதி எடுத்தால் போதும். மாக், லினக்ஸ் கணினிகளிலும் டாஸ்பாக்ஸ் இருப்பதால், முகவரியை மட்டும் மாற்றி அதே ‘மவுண்ட்’ வரியைத் தட்ட வேண்டியதுதான்.