டயகமக் குளிரில் ஒரு மீன்தொட்டி: பாசிப்பந்தும் குட்டி மீன்களும்

"இந்தக் குளிருக்கு மீன் வளருமா?" வீட்டில் மீன்தொட்டி வைக்கப் போகிறேன் என்று இலங்கை மலையகத்து டயகமவில் யாரிடம் சொன்னாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். கப்பி, ஃபைட்டர் போன்ற வெதுவெதுப்பான தண்ணீர் மீன்களை வாங்கி வந்தால் கஷ்டம்தான். குளிர்ந்த தண்ணீரையே சொந்த ஊராகக் கொண்ட உயிர்களைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலையை மலையே நமக்குச் செய்து கொடுத்துவிடும். அப்படிப்பட்ட இரண்டை வைத்து, வெறும் தொட்டியிலிருந்து தொடங்குவோம்.

பாசிப்பந்து என்றால் என்ன?

கடையில் "மொஸ் போல்" என்று கேட்டால் தருவார்கள். பாறையில் படரும் பாசி அல்ல இது. தண்ணீருக்குள்ளேயே வாழும் இழைப்பாசி. வேர் இல்லை, இலை இல்லை, மண்ணும் வேண்டாம். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள அக்கான் ஏரியில் அலை உருட்டி உருட்டியே இது பந்தாகிறது. அங்கே இதற்கு மரிமோ என்று பெயர். 1921இல் அதை இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். 1952இல் சிறப்புச் சின்னமாக உயர்த்தினார்கள். பனிக்காலத்தில் அந்த ஏரியின் மேற்பரப்பே உறைந்துவிடும். நம் ஜனவரி மாதக் குளிரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

வளர்ச்சி வருடத்துக்குச் சுமார் 5 மில்லிமீற்றர்தான். அவசரக்காரர்களுக்கு ஏற்றது இல்லை.

எந்த மீன்?

என் தேர்வு வைட் கிளவுட். சீனாவின் குவாங்சோ நகருக்கு அருகிலுள்ள வெண்மேக மலை ஓடைகளில் 1930களில் கண்டறியப்பட்ட மீன். பெயரும் அந்த மலையின் பெயர்தான். நான்கு சென்றிமீற்றர் நீளம், பக்கவாட்டில் ஒரு மின்னும் கோடு, சிவந்த வால். 14 முதல் 22 பாகை செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். கூட்டமாக வாழ்வது என்பதால் ஆறுக்குக் குறைத்து வளர்க்க வேண்டாம்.

தங்கமீன் வேண்டாம். அதற்கும் குளிர் பிடிக்கும்தான். ஆனால் பாசிப்பந்தைப் பிய்த்துத் தின்றுவிடும், நாம் வைக்கப்போகும் சிறிய தொட்டியும் அதற்குப் போதாது.

எங்கே வைப்பது?

18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள தொட்டி போதும். சுமார் 40 லீற்றர் பிடிக்கும். கண்ணாடியும் சேர்ந்தால் 50 கிலோவை நெருங்கும். ஆகவே ஆடாத மேசை முக்கியம். அடியில் ஒரு ரெஜிபோம் தகடு போட்டால் கண்ணாடிக்கும் நல்லது, குளிருக்கும் நல்லது.

லயத்து வீடானால் இஸ்தோப்பு வேண்டாம். இரவில் அங்கே குளிர் இறங்கும். அடுப்புப் புகை படும் இடமும் வேண்டாம். உள்காம்பராவில், நேர் வெயில் விழாத ஒரு மூலையைப் பாருங்கள். தொட்டி வாங்குவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, மூன்று நாள் விடியற்காலையில் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 14க்குக் கீழே போகாவிட்டால் ஹீட்டரை மறந்துவிடலாம். போனால் தொட்டியின் மூன்று பக்கமும் ரெஜிபோம் வைத்து மறுபடி அளப்போம். மூடி கட்டாயம், வைட் கிளவுட் துள்ளும்.

தண்ணீர்: இங்கேதான் கவனம்

நமக்கு வரும் பீலித் தண்ணீர் பெரும்பாலும் குளோரின் படாத மலை ஊற்று. மீனுக்கு வரப்பிரசாதம். ஆனால் அந்த ஊற்று எந்த மலையிலிருந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

காரணம், தேயிலைக்கு அடிக்கும் மருந்து. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதை அடக்கச் செம்பு கலந்த மருந்துகள் தெளிக்கப்படுவது உண்டு. செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீனைப் பாதிக்கும். பாசியைக் கொல்லவே அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கும்போது, நம் பாசிப்பந்து மட்டும் தப்புமா? மேல்மலையில் மருந்து அடித்த வாரம், குறிப்பாக அடித்ததும் மழை பெய்தால், பீலியில் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். முன்கூட்டியே இரண்டு கேன் பிடித்து மூடி வைத்தால் ஒரு வாரம் சமாளிக்கலாம். கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தால் மழைநீரும் வேண்டாம். நகரக் குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும்.

வரிசை

முதல் நாள்: தொட்டியையும் சரளைக்கல்லையும் சவர்க்காரம் படாமல் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஸ்பொஞ்ச் ஃபில்டரை ஓட விடுவோம். தனி வாளியில் வைத்துக் கவனித்த பாசிப்பந்தை அன்றே போடலாம்.

ஆனால் மீனை அன்றே விட முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நுண்ணுயிர்கள்தாம் தீங்கு குறைந்ததாக மாற்றுகின்றன. அவை ஸ்பொஞ்சில் குடியேறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும், குளிரில் இன்னும் தாமதமாகலாம். அதுவரை வெறுந்தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுவோம். பக்கத்து வீடுகள் சிரிக்கும். நான் இந்தப் பொறுமை இல்லாமல் முதல் வாரமே பத்து மீனை விட்டு, ஒன்பதைப் புதைத்தேன். ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பர் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு தந்தால் காத்திருப்பு குறையும்.

பிறகு மூன்று மீன். இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று.

மீனைக் கொண்டுவருவது

கொழும்பில் வாங்கினால் பையிலுள்ள தண்ணீர் 28 பாகை இருக்கும். நம் தொட்டி 17. பையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். வீடு வந்ததும் பையை அப்படியே தொட்டியில் மிதக்க விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். ஒன்றரை மணித்தியாலம் ஆனாலும் பரவாயில்லை. திடீர்க் குளிர்தான் வெள்ளைப்புள்ளி நோய்க்கு வழி திறக்கும்.

வாராந்த வேலை

கால்பங்கு, அதாவது 10 லீற்றர் தண்ணீரை மாற்றுவோம். புதுத் தண்ணீர் முதல் நாள் இரவே தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெளியே எடுத்த பழைய தண்ணீரில் ஸ்பொஞ்சைப் பிழிந்து, பாசிப்பந்தையும் மெதுவாக அழுத்தி, உள்ளங்கையில் உருட்டி, திருப்பி வையுங்கள். அக்கான் ஏரியின் அலை வேலை நம் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பந்து வெளுத்தால் வெளிச்சம் அதிகம். பழுப்பானால் அழுக்கு சேர்ந்திருக்கும், அலசிப் பாருங்கள். மிதந்தால் உள்ளே காற்று. அழுத்திவிட்டால் மெல்ல இறங்கும்.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, தினமும் ஒருமுறை. குளிர் நாளில் அதிலும் குறைவு.

எவ்வளவு செலவு?

விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் கரண்ட் கணக்கை நாமே போடலாம். 5 வோட் ஃபில்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 3.6 அலகு. 6 வோட் எல்ஈடி விளக்கு தினமும் 8 மணித்தியாலம் எரிந்தால் ஏறக்குறைய 1.4. மொத்தம் 5 அலகு. 50 வோட் ஹீட்டர் நாளுக்கு 12 மணித்தியாலம் சூடாக்கினால் அது மட்டும் 18 அலகு! குளிர்நீர் மீன் வாங்கச் சொன்னதில் இந்தக் கணக்கும் உண்டு.

எச்சரிக்கை

வேறு பாசியை நுரைப்பந்தின் மேல் கட்டி விற்பவர்கள் உண்டு. அழுத்திப் பாருங்கள், அசல் பந்து ஈரக் கம்பளி போல இருக்கும், நடுவில் கட்டி தட்டாது. 2021இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற பந்துகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நியச் சிப்பி ஒளிந்திருந்து பெரிய தலைவலியானது. எந்தப் பந்தை வாங்கினாலும் சில வாரம் தனி வாளியில் வைத்துக் கவனியுங்கள்.

மீன் வளர்ப்பு சலித்துப்போனால் தொட்டியை ஓடையில் கொட்டாதீர்கள். நம் ஆக்ரா ஓயா மகாவலியில் போய்ச் சேரும் தண்ணீர். வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் இன்றும் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கிறது. விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது. மீனை இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போவதானால் பயம் வேண்டாம். நல்ல ஆரோக்கியமான, வளர்ந்த மீன்கள் இந்தக் குளிரில் தீனி இல்லாமலே தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். அன்பு மிகுந்து முழு டப்பாவையும் கொட்டிவிடும்.