அடுப்படி முதல் ஸ்கூட்டர் வரை: பள்ளிப் பாடத்தில் இருக்கும் வீட்டுக் குறிப்புகள்

பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் 'நுண்ணுயிரிகள்', 'உராய்வு', 'நெம்புகோல்' என்று தனித்தனிப் பாடமாக இருப்பவை, வீட்டில் காலை முதல் ராத்திரி வரை நாம் பார்க்கிற வேலைகள்தான். குறிப்போடு காரணத்தையும் தெரிந்துகொண்டால் வேறு வேலைக்கும் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

1. குளிர் நாளில் இட்லி மாவு பொங்க மறுக்கிறதா? மாவைப் பொங்க வைப்பவை பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிரிகள். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் புளிப்பையும் விடுகின்றன. அந்த வாயு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் இவை மும்முரமாக வேலை செய்யும், மார்கழியில் சோம்பிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுச் சட்டியை இறக்கி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி வையுங்கள். மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பது நல்லது, ஜார் சூடேறினால் மாவும் சூடேறும். கையால் கரைத்தால்தான் பொங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கரண்டியால் நன்றாக அடித்துக் கலந்தாலும் பொங்கத்தான் செய்கிறது. இட்லிக்கு எடுக்கும்போது மட்டும் அடிவரை கிண்டாமல் மேலாக அள்ளுங்கள். கிண்டினால் குமிழிகள் உடைந்து இட்லி தட்டையாகும். சட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் காலையில் மேடை துடைக்கும் வேலையும் மிச்சம்.

2. தயிருக்கு உறை ஊற்றும்போது பாலில் விரல் வைத்தால் இதமாகச் சுட வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கிற பாலில் உறை மோரை விட்டால் அதிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துப்போகும். உறைகிற நேரத்தில் கிண்ணத்தை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கெட்டிப்பட்டு வரும் பால் புரதம் கலைந்து, தண்ணீர் தனியே பிரியும்.

3. முளைகட்டும் பயறை நாள் முழுக்கத் தண்ணீரிலேயே போட்டு வைத்தால் நாற்றம் வரும். விதைக்கும் உயிர் உண்டு, அதுவும் சுவாசிக்க வேண்டும். ராத்திரி ஊறியதும் வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டுங்கள். வெளிச்சம் வேண்டியதில்லை. பூந்தொட்டிக்கும் இதே கதைதான்: தண்ணீர் வடிய ஓட்டை இல்லாத தொட்டியில் வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி அழுகும்.

4. ஏடிஸ் கொசு விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது ஓர் இடத்தில்தான். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில் எல்லாவற்றிலும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இந்தக் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில். கருப்புத் தூள் போல ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறினதும் பொரியும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரத்தில் ஒரு கிழமையை இதற்கென்று வைத்துக்கொண்டால் அதன் வாழ்க்கைச் சுழற்சியே அறுந்துபோகும். புழு நெளியும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயில் படும் மண்தரையில் ஊற்றுங்கள்.

5. எறும்பு வரிசையை விரட்ட அதன் மேல் தண்ணீரைத் தெளித்துப் பயனில்லை. முன்னால் போன எறும்பு விட்ட வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை வருகின்றன. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்தத் தடத்தை முழுதாகத் துடைத்துவிடுங்கள்.

6. வாழைக்காயைப் பழுக்க வைக்க, பழுத்த பழம் ஒன்றோடு காகிதப் பையில் மூடி வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு காயைப் பழுக்கவைக்கும். சீக்கிரம் பழுக்கக் கூடாதென்றால் பிரித்து வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கருத்துவிடும்.

7. அவித்த முட்டையும் பச்சை முட்டையும் கலந்துவிட்டதா? மேடையில் சுழற்றி, விரலால் ஒரு நொடி நிறுத்தி, உடனே விடுங்கள். அவித்தது நின்றுவிடும். பச்சை முட்டை மறுபடி மெல்லச் சுற்றும். ஓட்டை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் கரு சுற்றிக்கொண்டேதான் இருந்தது. 1687-இல் நியூட்டன் எழுதிவைத்த முதல் விதி இதுதான். நிலைமத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

8. பீரோவை நகர்த்த ஆள் கூப்பிடும் முன் உள்ளே இருக்கும் துணிமணிகளை வெளியே எடுங்கள். உராய்வு விசை எடையைப் பொறுத்தது, எடை குறைந்தால் அதுவும் குறையும். டைல்ஸ் தரையாக இருந்தால் நான்கு காலுக்கடியிலும் மடித்த பழைய போர்வையைச் சொருகுங்கள். வழுக்கிக்கொண்டு போகும், தரையிலும் கீறல் விழாது. தள்ளும்போது மேலே கை வைத்தால் பீரோ சாயப் பார்க்கும், இடுப்புயரத்துக்குக் கீழே தள்ளுங்கள். இன்னொன்று: நிற்கிற பொருளை அசைக்கத்தான் அதிக பலம் வேண்டும், அசைந்த பிறகு குறைவாகவே போதும். ஆகவே கிளம்பிவிட்டால் சேர வேண்டிய இடம் வரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்குகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

9. பாக்குவெட்டியில் பாக்கை நுனியில் வைத்து அழுத்தினால் கைதான் வலிக்கும். ஆணி அடித்த மூட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். இதே நெம்புகோல் கணக்கு 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும்போது நமக்கு எதிராகத் திரும்பும். மூட்டை உடம்பை விட்டுத் தள்ளிப்போகப் போக இடுப்பில் விழும் பாரம் கூடும். முட்டியை மடக்கிக் குனிந்து, மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள்.

10. மழுங்கின கத்திதான் விரலை வெட்டும். கூர்மை போனதும் கூடுதலாக அழுத்துகிறோம், வழுக்கினால் அத்தனை விசையும் விரலில் இறங்கும். சாணைக்காரர் வரும்வரை, பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாத வளையத்தில் தீட்டிக்கொள்ளலாம்.

11. எண்ணெய் டின்னிலிருந்து ஊற்றும்போது 'குளுக் குளுக்' என்று சிந்துகிறதா? வெளியேறும் எண்ணெயின் இடத்துக்குக் காற்று உள்ளே போக வழி தேடுகிறது. எதிர் மூலையில் சின்னதாக இன்னொரு ஓட்டை போட்டால் சீராக விழும். திறக்க வராத ஜாம் பாட்டிலுக்கும் காற்றுதான் காரணம்: மூடியின் ஓரத்தைக் கரண்டிக் காம்பால் லேசாக நெம்பி, 'டப்' என்று சத்தம் கேட்டதும் திருகுங்கள்.

12. வாஷிங் மெஷினில் தனியாக ஒரு கனமான போர்வையைப் போடாதீர்கள். ஈரம் ஏறியதும் ஒரு பக்கமாக ஒதுங்கி, சுழலும்போது மெஷினே தடதடவென்று நகர ஆரம்பிக்கும். கூட இரண்டு துண்டுகளைப் போட்டுச் சுற்றிலும் பரப்பிவிடுங்கள்.

13. ஸ்கூட்டரில் கனமான மளிகைப் பையைக் கைப்பிடியில் மாட்டாமல் கால்வைக்கும் பலகையில் வையுங்கள், ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் வண்டி தடுமாறாது. வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு: 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம், 60-இல் போனால் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் உராய்வு குறைந்து, அதற்கும் மேலே போகும்.