குறை கண்ட வண்டியும் உடையவன் கடமையும்

பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்த்து வாங்குதல் நம் நாட்டு வழக்கம். நன்கு வெந்த பானை கணீரென ஒலிக்கும். மயிரிழை போன்ற கீறலுடையது மழுங்கிய ஓசை தரும். வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வளர்ந்த மாணவர் இதனைத் தம் பாட்டிமார் செய்யக் கண்டிருப்பர். அவ்வூர்க்கு அண்மையிலுள்ள விருத்தாசலமோ பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றது. அங்குச் சூளையிட்டுக் கலஞ் சுடுவோர் மற்றோர் உண்மையையும் அறிவர். மண் கலந்ததிற் பிழை நேரினும், சூளையின் வெப்பம் மிகினும் குறையினும், கெடுவது ஒரு கலம் மட்டும் அன்று. அம்முறை வெந்த கலங்கள் பலவும் அதே குற்றம் உடையனவாகும். அவற்றுட் சில பார்வைக்கு மாசற்று விளங்கலாம். ஆயினும் தொழிலறிந்தவன் அவற்றையும் நம்பி விற்கத் துணியான்.

இவ்விரு செய்திகளையும் உளத்திற் கொண்டால், இக்காலத்து மோட்டார் வண்டிகளின்பால் நிகழும் ஒரு காரியத்தை எளிதில் உணரலாம். அதனை ஆங்கிலத்தில் ‘ரீகால்’ என்பர். யாம் ஈண்டுத் ‘திரும்ப அழைப்பு’ என வழங்குவோம். ஒரு கார் பல்லாயிரம் உறுப்புகளால் ஆயது. அவற்றைப் பல தொழிற்சாலைகள் செய்தனுப்ப, காரின் பெயர் தாங்கிய நிறுவனம் அவற்றைக் கூட்டி வண்டியாக்குகின்றது. குறித்த சில நாட்களில் வந்த ஓர் உறுப்பிற் குற்றம் இருப்பின், அந்நாட்களில் உருவான வண்டிகள் யாவும், ஒரே சூளையில் வெந்த கலங்களைப்போல, ஐயத்திற்குரியன ஆகின்றன. குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோற் காரைத் தட்டி இக்குற்றத்தை அறிதல் இயலாது. ஆதலின், விற்ற பின்னர்க் குற்றம் வெளிப்படுமாயின், அவ்வண்டிகளை எல்லாம் தன் பணிநிலையங்களுக்கு வரவழைத்துச் சோதித்து, வேண்டுவனவற்றை விலையின்றி மாற்றித் தருதல் நிறுவனத்தின் கடமையாகின்றது. இதுவே திரும்ப அழைப்பு எனப்படுவது.

செய்தித்தாள்கள் இதனைக் ‘கார்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என எழுதுவதால் மக்களிடையே சில மயக்கங்கள் தோன்றியுள்ளன. வண்டியைப் பறித்துக்கொள்வர் போலும் என்று அஞ்சுவோர் சிலர். பணத்தைத் திருப்பித் தருவர் என்று மகிழ்வோர் சிலர். பெரும்பாலும் இவ்விரண்டும் நிகழ்வதில்லை; ஓர் உறுப்பு மாற்றப்பட்டு, வண்டி உடையவரிடமே மீளும். ‘அந்தப் பெயருடைய கார் முழுதும் கெட்டது’ என்று இகழ்வாரும் உளர். தன் பிழையை ஒளித்து வைக்கும் நிறுவனத்தினும், அதனை வெளியிட்டுத் திருத்தும் நிறுவனமே நம்பத்தக்கது என்பதை அன்னோர் மறந்தனர். இவை யாவற்றினும் கேடு பயப்பது, ‘என் வண்டி நன்றாகத்தானே ஓடுகின்றது’ என்னும் எண்ணம். அதன் பொய்ம்மையைப் பின்னர்க் காட்டுவாம்.

இம்முறை தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். அமெரிக்க நாட்டில் 1966-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டம், பாதுகாப்புக் குறையை உரிமையாளர்க்கு அறிவித்தல் வேண்டும் என நிறுவனங்களைப் பணித்தது; விலையின்றிச் செப்பனிட்டுத் தரவும் வேண்டும் என்பது 1974-இல் விதியாயிற்று. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தானே ஒரு நெறி வகுத்துக்கொண்டது. அது மனமுவந்து ஏற்ற நெறியேயன்றிச் சட்டம் அன்று. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவே, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்திற்கு அளித்தது. வண்டியில் இருப்போர்க்கு மட்டுமன்றித் தெருவிற் செல்வார்க்கும் சுற்றுச்சூழற்கும் தீங்கு விளைக்கும் குறையும் அதனுள் அடங்கும். இதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழாண்டிற்கு உட்பட்ட வண்டிகளே அவ்விதிகளின் எல்லைக்குள் வருவன. ஆணை பெறுமுன் தானே முன்வந்து குறையை அறிவிக்கும் நிறுவனத்திற்கு அபராதம் இல்லை. ஆணையிட்டுத் திருத்தப்படுவதற்கோ 10 இலட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

இனி நிகழ்ந்தவை சிலவற்றை நோக்குவோம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஆலை அமைத்திருந்த ஃபோர்டு நிறுவனம், 2013-ஆம் ஆண்டில் ஃபிகோ, கிளாசிக் என்னும் கார்களுள் 1,66,021 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின்சக்கரங்களைத் தாங்கும் விட்டமும், ஸ்டியரிங்கிற்கு எண்ணெய் செலுத்தும் குழாயும் அங்கு ஐயத்திற்கு இடமாயின. இரண்டும் கண்ணிற்படாத இடத்தில் இருப்பவை. முறியும் வரையில் ஓட்டுவோனுக்கு யாதொரு குறிப்பும் தாராதிருக்கக் கூடியவை.

2021 செப்டம்பரில் மாருதி சுசுகி நிறுவனம் சியாஸ், எர்டிகா முதலிய பெட்ரோல் வண்டிகளுள் 1,81,754-ஐத் திரும்ப அழைத்தது. அவற்றின் மோட்டார் ஜெனரேட்டர் பகுதியைச் சோதித்து மாற்றும் வேலை நவம்பரிலேயே தொடங்கும் என்றும், அதுகாறும் நீர் தேங்கிய இடங்களில் ஓட்டுதலையும் மின்கருவிகளின்மீது நேரே நீர் பாய்ச்சுதலையும் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவித்தது. இவ்வறிவிப்பு வந்த காலத்தை நோக்குமின். அக்டோபர், நவம்பர்த் திங்கள்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வெள்ளாறு பெருகிச் சாலைகளில் நீர் நிற்கும் அந்நாட்களில், அறிவிப்பைக் காணாத திட்டக்குடிவாசி முழங்கால் நீரில் வண்டியை இறக்கியிருப்பார் அல்லரோ?

அந்நிறுவனமே 2023 ஜனவரியில் 17,362 வண்டிகளை ஏர்பேக் எனப்படும் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுக் கருவிக்காகத் திரும்ப அழைத்தபோது, கருவி மாற்றப்படும் வரை ஐயத்திற்குரிய வண்டியை ஓட்டவே வேண்டா என அறிவுறுத்தியது. எனவே அழைப்புகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. எச்சரிக்கையோடு ஓட்டலாம் என்பதும் உண்டு. நிறுத்தி வைக்க என்பதும் உண்டு. எது தனக்கு உரியது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் உடையவன் கடன்.

காற்றுப்பையைப்பற்றிய மற்றொரு வரலாறு உலகறிந்தது. ஜப்பான் நாட்டு டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளை விரிப்பதற்கு அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பு எரிபொருளாக அமைந்தது. வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்காகத் தாக்க, அஃது உருக்குலைந்து, விபத்துக் காலத்தில் அளவிறந்த வேகத்தோடு எரிந்து, தன்னை அடைத்திருந்த உலோகக் குப்பியை உடைத்தது. உயிர்காக்க வந்த பையிலிருந்து உலோகத் துண்டுகள் பாய்ந்து உயிர்களை மாய்த்தன. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் 2016 ஜூலையில் 1,90,578 கார்களை இதன் பொருட்டுத் திரும்ப அழைத்தது. அவை ஆண்டு பல ஓடிய பழைய வண்டிகள். டகாட்டா 2017-இல் நொடிப்புற்றது. அவ்வாண்டே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒருவர் இவ்வாறு உயிரிழந்தார்; 2018 பிப்ரவரியில் அந்நாட்டரசாங்கம் இத்தகைய வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்குமாறு ஆணையிட்டது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டார் இதிற் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. இக்குற்றம் நாளடைவில் முதிர்வது. நேற்று வரை நன்றாக ஓடியது என்பது நாளைக்குச் சான்றாகாது. ‘என் வண்டி நன்றாகத்தானே ஓடுகின்றது’ என்னும் எண்ணத்தைப் பொய்ம்மை என்றது இதுபற்றியே.

இனி நம் ஊரவர்க்கு உரிய இடர்ப்பாட்டைக் கூறுவாம். திட்டக்குடியில் ஒருவர், சென்னையில் ஐந்தாண்டு ஓடிய காரை இருவர் கைமாறி வாங்கினார் எனக் கொள்வோம். அவர் அதனை நிறுவனத்தின் பணிநிலையத்திற்குக் கொண்டு செல்வதில்லை. ஊரிலுள்ள மெக்கானிக்கே எண்ணெய் மாற்றிப் பிரேக்கும் பார்த்துத் தருகின்றார். நிறுவனம் திரும்ப அழைப்புக் கடிதத்தை அனுப்புகின்றது. அதன் ஏட்டில் இருப்பதோ முதலில் வாங்கியவரின் முகவரியும் தொலைபேசி எண்ணுமே. கடிதம் சென்னைக்குச் செல்லும். வண்டியோ திட்டக்குடியில் ஓடும். மெக்கானிக் எத்துணைக் கைதேர்ந்தவராயினும், அழைக்கப்பட்ட வண்டிகளின் பட்டியலும் மாற்றுறுப்பும் அவரிடம் இரா. ஆகவே, கடிதம் வரவில்லை என்பது குறையில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. கடிதத்தை எதிர்பாராது தாமே வினவி அறிதலே இதற்கு மருந்து. அம்முறையைப் படிப்படியாகக் கூறுவாம்.

முதலாவது, சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்க. அது பதினேழு குறிகளால் ஆயது. பதிவுச் சான்றாகிய ஆர்.சி.யிலும் வண்டியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். டிஜிலாக்கர் வாயிலாகவும் பதிவுச் சான்றைப் பெறலாம். ஒன்று, சுழி என்னும் இலக்கங்களோடு மயங்காதிருத்தற்பொருட்டு ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. ஒரு குறி பிழைப்பினும் வேறு வண்டியின் செய்தி கிடைக்குமாதலின், இருமுறை ஒப்பு நோக்குக.

இரண்டாவது, அவ்வெண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்திலேனும் அதன் அதிகாரம் பெற்ற பணிநிலையத்திலேனும், ‘இவ்வண்டிக்கு நிறைவேறாத திரும்ப அழைப்பு உண்டா?’ என வினவுக. காரின் பெயரை மட்டும் கூறி வினவுதல் போதாது. ஒரே பெயருடைய இரு கார்களுள் ஒன்று அழைக்கப்பட்டும் மற்றொன்று அழைக்கப்படாதும் இருக்கலாம். ஆண்டிற்கு இருமுறை, மழைக்காலத்திற்கு முன் ஒருமுறையும் கோடைக்கு முன் ஒருமுறையும் இவ்வாறு வினவுதல் நன்று. பழைய வண்டி வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன்னரே வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, அழைப்பு உண்டெனின், ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா என்பதைத் தெளிவாகக் கேட்டறிக. நிறுத்த வேண்டும் எனின், பணிநிலையத்திற்கு வண்டியைக் கொண்டு செல்லும் வகையையும் அவர்களையே கேட்க. மாற்றுறுப்பு உடனே கிடையாதாயின், நாள் குறித்துப் பெறுக.

நான்காவது, வேலை முடிந்தபின், இன்ன திரும்ப அழைப்பின்படி இன்ன உறுப்பு இன்ன நாளில் மாற்றப்பட்டது என எழுதிய தாளைப் பெற்று ஆர்.சி.யோடு வைக்க. இதற்கு உறுப்பின் விலையும் இல்லை, கூலியும் இல்லை. உடன் செய்யும் பிற வேலைகளுக்குரிய கட்டணத்தை இதனோடு கலவாது தனியே எழுதச் செய்க.

ஐந்தாவது, வண்டி கைமாறின் பதிவையும் காலத்தில் மாற்றுக. ஒரே மாநிலத்துள் விற்பவர் 14 நாளுள்ளும் வாங்குபவர் 30 நாளுள்ளும் அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். அதனோடு அமையாது, புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நிறுவனத்தின் பணிநிலையத்திலும் பதிந்துகொள்க. அடுத்த கடிதமாயினும் உரியவரை வந்தடையும்.

பணிநிலையத்தார் மறுப்பினும் பணம் கேட்பினும் வாய்ச்சண்டை வேண்டா, எழுத்தில் முறையிடுக. தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915. அதனாலும் தீராதாயின், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் அங்கு வழக்குக் கட்டணம் இல்லை. அழைப்பே வராத குறையொன்று வண்டியிற் காணப்படின், மத்திய அரசாங்கத்தின் வாகன் இணையதளத்தில் அதனைப் பதியலாம். ஒருவகை வண்டிபற்றிய முறையீடுகள் குறித்த எண்ணிக்கையை எட்டும்போது அரசாங்கம் ஆராயத் தொடங்கும். எனவே சிற்றூரார் ஒருவர் எழுதும் முறையீடும் அக்கணக்கில் ஒன்றாக நிற்கும்; வீணாகாது.

‘வண்டி என்னுடையது, கெட்டால் எனக்கன்றோ கேடு’ என்பார்க்கு ஒரு சொல். பிரேக் அற்ற வண்டி உடையவனை மட்டும் தேடி மோதுவதில்லை. பள்ளி விட்டு வரும் சிறாரும், நெல்மூட்டையேற்றிச் செல்லும் உழவரும், சாலையோரம் கடைவிரித்த மூதாட்டியும் அதன் வழியில் இருக்கின்றனர். ஆதலின் வண்டியைத் திருத்துதல் தன்னலம் மட்டும் அன்று. அயலார்க்குச் செய்யும் கடனுமாம்.

நூறு ஆடுகளுள் தொண்ணூற்றொன்பதை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் கதையை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டுள்ளோம். திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளுள்ளும் பல தாமே வந்து செப்பமுறுகின்றன. வாராது எஞ்சியவற்றிலேதான் ஆபத்து உறைகின்றது. முகவரி மாறிய வண்டியைக் கடிதம் தேடிச் செல்ல இயலாது, மனிதர் தேடலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! உங்கள் தந்தையார் காரின் எண்ணையும், அண்டை வீட்டுப் பெரியவர் காரின் எண்ணையும், நீங்கள் ஏறிச் செல்லும் வாடகை வண்டியின் எண்ணையும் ஒருமுறை வினவிப் பாருங்கள். அதற்கு வேண்டுவது கால்மணி நேரமும் கையிலுள்ள தொலைபேசியுமே. பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய நம் பாட்டியின் விரல் செய்த வேலையை இன்று அப்பதினேழு குறிகள் செய்கின்றன. தட்டிப் பார்ப்பார்தாம் வேண்டும்.